இரண்டாவது அமுக்கு

கிட்ட வந்து உட்காரு தாயி. இன்னும் கிட்ட. அந்தப் பக்கம் வேணாம், வலது காது உங்கப்பன் அடிச்ச அடியில போனது. ஐம்பத்தேழு வருஷமாச்சு, இன்னைக்கும் அதுக்குள்ள ஒரு வண்டு குடையிற சத்தம் மட்டுந்தான் கேக்கும். இடது காதுல பேசு. கையைக் கொடு, பிடிச்சுக்கறேன். கையைப் பிடிச்சிருந்தா எதிராளி பேசறது எனக்கு நல்லா விளங்கும். பழக்கம்.

என்ன அப்படிப் பாக்கிறே? சீனாக்காரன் தமிழ் பேசறானேன்னா? உங்கம்மா சாகிற வரைக்கும் "சீனாக்காரன் கொன்னுட்டான், சீனாக்காரன் கொன்னுட்டான்"னு சொல்லிக்கிட்டே கிடந்தாங்கன்னு வாசல்ல நின்னு சொன்னியே. பாவம், நான் சீனாக்காரனே இல்லைன்னு அந்தம்மாவுக்கும் யாரும் சொல்லலை. குஸ்திக் கம்பெனி ரகசியம் அப்படி. கட்டின பொண்டாட்டி கிட்டயும் சொல்லக்கூடாது.

என் பேரு சேவுகன். எங்கப்பாரு தேவகோட்டைப் பக்கம். பர்மாவுல பெகு ஊர்ல அரிசி மில்லுல மூட்டை தூக்கப் போனவரு. எங்கம்மா பர்மாக்காரி. மூஞ்சி அம்மா கொடுத்தது, பேச்சு அப்பாரு கொடுத்தது. அறுபத்து நாலுல பர்மாவுல இருந்த தமிழ் ஆளுங்களை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பினப்போ அப்பாரு இல்லை, செத்துட்டாரு. அம்மா கப்பல் ஏற மாட்டேன்னுட்டா. அவளுக்கு அதான் சொந்த ஊரு. எனக்கு இதுதான் சொந்த ஊருன்னு கவர்மெண்டுல காயிதம் கொடுத்தான். நானும் வள்ளிக்கண்ணும் வந்து இறங்கினோம். வள்ளிக்கண்ணு என் சம்சாரம். போயிட்டா, நாலு வருஷம்.

சரி, நீ கேக்கிறதுக்கு வர்றேன். ஒண்ணே ஒண்ணுதானே கேக்கிறே? கரூர்ல அன்னைக்கு உங்கப்பன் என் கையைத் திருப்பி அமுக்கினானா, இல்லையான்னு.

அமுக்கினான். அமுக்கியிருப்பான். அமுக்காம எப்படி?

உங்கம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்கு பாத்தியா! ஊருக்குப் புறப்படும்போது வாசல்ல நின்னு அவங்க கையை ஒரு அமுக்கு அமுக்குவான், அந்தம்மா திருப்பி ஒரு அமுக்கு அமுக்கினாத்தான் காலை எடுத்து வெப்பான்னு சொன்னே இல்லே? அது எங்க தொழில்ல உள்ளது. வீட்டுல கொண்டுபோய் விளையாடியிருக்கான். உங்கப்பன் கெட்டிக்காரன். அதை மொதல்லயே ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கெட்டிக்காரன் எனக்குச் செஞ்ச துரோகத்தை நீ கேக்கணும். அதைக் கேட்டுட்டு அப்புறம் கேளு அமுக்கைப் பத்தி.

எங்க கம்பெனிக்கு நாயுடு முதலாளி. ஊர் ஊராக் கொட்டகை போட்டு குஸ்தி காட்டறது. எல்லாம் பேசி வெச்ச ஆட்டம். யாரு ஜெயிக்கணும், எத்தனை நிமிஷத்துல ஜெயிக்கணும், எல்லாத்தையும் காலையில இட்லி திங்கும்போதே நாயுடு சொல்லிடுவாரு. ஆனா ஒண்ணு தாயி. ஜெயிப்பு பொய்யா இருக்கலாம், விழறது பொய் இல்லை. ஆறடி உசரத்துல இருந்து பலகை மேல விழற உடம்பு நிஜமாத்தான் விழும். அதுக்குத்தான் அந்த அமுக்கு. தூக்கறவன் எதிராளி மணிக்கட்டுல ஒரு அமுக்கு அமுக்கணும். 'தூக்கட்டுமா'ன்னு அர்த்தம். அவன் மூச்சை விட்டு, தாடையை நெஞ்சோட ஒட்டி, உடம்பைச் சுருட்டிக்கிட்டுத் திருப்பி ஒரு அமுக்கு அமுக்குவான். 'தூக்கு'ன்னு அர்த்தம். அந்த ரெண்டாவது அமுக்கு வராம தூக்கக்கூடாது. வந்துச்சுன்னா யானையா இருந்தாலும் தூக்கிப் போடலாம், ஒண்ணும் ஆகாது.

உங்கப்பன் உலகநாதன் நெசமான பயில்வான். கர்லாக்கட்டை சுத்தி, கோதா மண்ணுல உருண்டு வளந்தவன். 'தென்னாட்டுப் பீமன்'னு நோட்டீசு. நான்? அகதி முகாம்ல அரிசி மூட்டை இறக்கிட்டிருந்தேன். நாயுடு வந்து என் மூஞ்சியைப் பாத்தாரு. தாடையைப் பிடிச்சு இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பாத்தாரு, மாட்டுச் சந்தையில பாக்கிற மாதிரி. "டேய், உன்னை விட்டா எனக்குச் சீனாக்காரன் எங்கடா கிடைப்பான்?" அப்படின்னாரு. சீனாச் சண்டை முடிஞ்சு ரெண்டு மூணு வருஷந்தான். ஜனங்களுக்கு ஆத்திரம் அடங்கலை. பேரு என்ன வெக்கலாம்னு கேட்டாரு. எனக்கு வாயில வந்தது எங்கம்மாவோட அப்பா பேரு, ஊ சான். "பிரமாதம்"ன்னாரு. 'செஞ்சீனத்து ராட்சசன் ஊ சான்'னு மறுநாளே நோட்டீசு அடிச்சுட்டாரு. எங்க தாத்தா புத்தர் கோயில்ல விளக்குப் போடறவரு. எறும்பை மிதிக்க மாட்டாரு.

நீளமா ஒரு சடை தெச்சாங்க, சவுரி முடியில. தொங்கு மீசை. லாரியில கூண்டு வெச்சு அதுக்குள்ள என்னை நிக்க வெச்சு ஊரைச் சுத்தி வருவாங்க. நாயுடு மைக்கைப் பிடிச்சு, "பச்சைக் கறி தின்னும் பாதகன்! பாரத மண்ணிலே பந்தயம் கட்ட வந்திருக்கிறான்!" அப்படின்னு அளப்பாரு. நான் கம்பியைப் பிடிச்சு உலுக்கிக் கத்தணும். என்ன கத்தறது? எங்க ஊர் ரயில் ஸ்டேஷன் பேரெல்லாம் கத்துவேன். பெகு! டவுங்கூ! பின்மனா! யமேதின்! தாசி! மண்டலே! சனம் நடுங்கும். தாய்மாரு புள்ளைங்க காதைப் பொத்துவாங்க, கெட்ட வார்த்தைன்னு.

வெளியில ஒரு வார்த்தை தமிழ் பேசக்கூடாது. நாயுடு சாமி படத்து முன்னாடி சூடம் அடிச்சு சத்தியம் வாங்கினாரு. "உன் வாயில தமிழ் வந்த அன்னைக்குக் கம்பெனி மூடிச்சுடா. முப்பது பேர் வீட்டுல அடுப்பு அணையும்." நான் பேசலை தாயி. அறந்தாங்கியில பல்லுவலி. டாக்டர்கிட்ட வாயைக் காட்டி 'ஊ, ஊ'ன்னேன். அவரு கம்பவுண்டரைப் பாத்து, "இவனுக்கு மரத்துப்போற ஊசி போடாதே, நம்ம ஆளுங்களை இவனுங்க என்ன பாடு படுத்தினானுங்க"ன்னு தமிழ்லதான் சொல்றாரு. எனக்குப் புரியாத மாதிரி உட்காந்திருந்தேன். புடுங்கினாரு.

தேவகோட்டைக்கும் கூண்டுலதான் போனேன். எங்கப்பாரு பொறந்த ஊரு. கப்பல்ல வரும்போது நினைச்சுக்கிட்டு வந்தேன், போயி எங்க பெரியப்பன் வீட்டுக் கதவைத் தட்டி, நான் இன்னார் மகன்னு சொல்லணும்னு. லாரி அந்தத் தெரு வழியாவே போச்சு. எங்கப்பாரு ஜாடையில, அதே மூக்கு, ஒரு ஆளு கூட்டத்துல முண்டிக்கிட்டு வந்து என் மூஞ்சியில துப்பினான். நான் "டவுங்கூ, டவுங்கூ"ன்னு கத்தினேன். வேறென்ன செய்ய?

உங்கப்பனும் நானும் வெளியில பேசினதே இல்லை. ஒரே பஸ்ஸுல போகக்கூடாது, ஒரே கடையில டீ குடிக்கக்கூடாது. யாராவது பாத்துட்டா பொழப்பு போச்சு. நாங்க பேசிக்கிட்டதெல்லாம் கோதாவுக்குள்ளதான். அவன் என் கழுத்தை இடுக்கிப் பிடிச்சிருப்பான், இல்லேன்னா நான் அவன் கழுத்தை. வெளியில இருந்து பாக்கிறவனுக்கு உசிரை எடுக்கிற மாதிரி தெரியும். காதோட காது ஒட்டியிருக்கும்.

"ஏ பர்மா, கடிதாசி வந்துச்சு. என் மக நாலு அடி நடந்தாளாம்."

"விழலையா?"

"விழுந்தாளாம். தானா எந்திரிச்சாளாம். சரி, இப்ப நீ விழு."

நான் விழுவேன். உனக்குப் பல்லு முளைச்சது, அம்மை போட்டது, தமயந்தின்னு பேரு வெச்சது எல்லாம் எனக்குத் தெரியும் தாயி. வாசல்ல நீ பேரைச் சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு. நேர்ல பாக்கத்தான் இத்தனை வருஷம் ஆச்சு.

நாப்பத்தோரு ஊரு. நாப்பத்தோரு ஊர்லயும் நான் தோத்தேன். வள்ளிக்கண்ணு ஒரு தடவைகூட வரலை. "நீ மிதிபடறதைப் பாக்க எனக்குத் தெம்பில்லை. நீ ஜெயிக்கிற அன்னைக்குச் சொல்லு, வர்றேன்"னுட்டா. சொன்னா தப்பா? புருஷன் ஒரு தடவை நெஞ்சை நிமித்தி நிக்கிறதைப் பாக்கணும்னு எந்தப் பொம்பளைக்குத்தான் ஆசை இருக்காது?

அப்பத்தான் கரூர் வந்துச்சு. அமராவதி ஆத்துல தண்ணி இல்லை, மணல்லயே கோதா. ஞாயித்துக்கிழமை, பகல் மூணு மணி ஆட்டம். காலையில நாயுடு சொல்றாரு: "இன்னைக்கு ஊ சான் ஜெயிக்கிறான். பீமனைக் கீழ போட்டு நெஞ்சுல காலை வெக்கிறான். சனம் கொதிக்கட்டும். அடுத்த வாரம் கோயமுத்தூர்ல பழிக்குப் பழி." எனக்கு இட்லி இறங்கலை. முந்தின நாளே எனக்கு அரசல்புரசலாத் தெரியும், முகாமுக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தேன். அது கம்பெனிச் சட்டத்துக்கு விரோதம், ஆமாம். ஒரே ஒரு தடவை மீறினேன். வள்ளிக்கண்ணு திருச்சியில ரயிலேறி வந்துட்டா. நீலச் சேலை. பொம்பளைங்க பக்கம் ரெண்டாவது வரிசை. கையைக் கிய்யை ஆட்டிடாதேடின்னு சொல்லி வெச்சிருந்தேன். மடியில கையைக் கட்டிக்கிட்டு அப்படியே உட்காந்திருந்தா.

அந்த வாரம் சீனா எல்லையில மறுபடி சுட்டானுங்கன்னு பேப்பர்ல வந்திருந்துச்சாம். பக்கத்து ஊர் பட்டாளத்துக்காரன் ஒருத்தன் செத்துட்டான்னு வீட்டுக்குத் தந்தி வந்திருந்துச்சாம். அவனோட அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் மேற்குப் பக்கம் மொத்தமா உட்காந்திருந்தானுங்களாம். கேள்விப்பட்டதுதான். எனக்கு இதெல்லாம் அப்புறம் தெரிஞ்சது. வழக்கமா என்னைப் பாத்ததும் ஊளையிடுவாங்க, செருப்பு வரும். அன்னைக்கு மேற்குப் பக்கம் சத்தமே இல்லை. நல்ல ஜனம், மரியாதை தெரிஞ்ச ஊருன்னு நினைச்சேன்.

ஆட்டம் ஆரம்பிச்சு ஆறேழு நிமிஷம். உங்கப்பன் என் கழுத்தை இடுக்கினான்.

"பர்மா, இன்னைக்கு நான் ஜெயிச்சுக்கறேன்."

"என்னது?"

"மேக்கால பாரு. மடி மடியாக் கல்லு."

"எல்லா ஊர்லயுந்தான் கல்லு."

"இது வேற. ஒருத்தன்கூட கத்தலை பாரு. சொன்னாக் கேளு."

"நாயுடு எனக்குச் சொல்லியிருக்காரு."

"நாயுடு கூடாரத்துல இருக்கான். இங்க நிக்கிறது நீயும் நானும்."

எனக்கு எப்படி இருக்கும்? நாப்பத்தோரு ஊரு விட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு ஊர் அவனுக்கு விட்டுக் கொடுக்க மனசு வரலை. நான் கெஞ்சினேன் தாயி, வெக்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "உலகா, என் பொண்டாட்டி வந்திருக்கா"ன்னேன்.

அவன் பிடி ஒரு நொடி தளந்துச்சு. "வந்திருக்காளா? எங்க?" அப்படின்னான். தலையைத் திருப்பிப் பொம்பளைங்க பக்கம் பாத்தான். அப்புறம் சொல்றான், "அப்படின்னா கட்டாயம் நீ தோத்துதான் ஆகணும்."

கேட்டியா? கட்டினவ பாக்கிறான்னு சொன்னதுக்கு அந்தப் பதில். அவ முன்னாடி என்னை மண்ணுல போட்டுப் புரட்டணுமாம். அவ்வளவு திமிரு. வள்ளிக்கண்ணுகிட்ட இதைச் சொன்னப்ப அவ தலையில அடிச்சுக்கிட்டா. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா"ன்னு கேட்டா. பொம்பளை, அவளுக்கு என்ன தெரியும் குஸ்தியைப் பத்தி? அதோ பாரு, மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல. நோட்டீசுல இருந்து உங்கப்பன் படத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினது அவதான். தினம் ஒரு பூ. எடுடி எடுடின்னு எத்தனை வருஷம் சொன்னேன். அவ போன பிற்பாடாவது எடுத்திருக்கலாம். எனக்குக் கை எட்டலை.

பூவா? அது... பக்கத்து வீட்டுல கொடுத்தாங்க. சும்மா கிடந்துச்சு, வெச்சேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், தூக்கு. அவன் பிடியை உதறிட்டு, நான் இடுப்புல கையைக் கொடுத்தேன். அந்தக் கோதாவும் சரியில்லை, தெரியுமா. மணல் மேல பலகை, பலகை மேல வைக்கோல், வைக்கோல் மேல ஜமுக்காளம். ஒரு பக்கம் வைக்கோலே இல்லை, வெறும் பலகை. கூலிக்காரப் பசங்க ஏமாத்திட்டானுங்க. அப்புறம் எண்ணெய், வேர்வை, கை வழுக்கும். அந்த வழுக்கல்ல யாரு எத்தனை அமுக்கினான்னு எப்படிச் சொல்றது?

சரி. சரி தாயி. கேக்கத்தானே வந்தே.

நான் அமுக்கினேன். அவன் அமுக்கலை. தலையை ஆட்டினான், வேணாம்னு. நான் தூக்கிட்டேன்.

ஏன் கையை இழுத்துக்கிறே? போறதுன்னாப் போ. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு.

பச்சை முருங்கைக் கிளை ஒடிஞ்சா ஒரு சத்தம் வரும் பாரு. அது எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் கேட்டது. வெளியில யாருக்கும் தெரியலை. ராட்சசன் பீமனைப் போட்டுட்டான், அவ்வளவுதான் தெரியும். மேற்குப் பக்கம் எல்லாரும் எந்திரிச்சுட்டானுங்க. அப்பவும் சத்தமில்லை. நான் செய்ய வேண்டியது ஒண்ணுதான். நெஞ்சுல காலை வெக்கணும், ரெஃபரி மூணு எண்ணணும். நான் வள்ளிக்கண்ணைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கலை, அவனைப் பாத்துக்கிட்டிருந்தா.

அவன் உதடு அசைஞ்சுது. குனிஞ்சேன்.

"காலு ரெண்டும் எங்கேயோ போயிட்டுது பர்மா."

"டாக்டரைக் கூப்பிடறேன்"ன்னேன், அவன் காதுல, தமிழ்ல.

"மொதல்ல நீ படு"ன்னான். சொல்லிட்டு என் சடையைப் பிடிச்சு இழுத்தான்.

இழுப்புன்னா அது இழுப்பே இல்லை தாயி. நாலு அடி நடந்த கொழந்தை இழுக்கிற மாதிரி. ஒரு உதறு உதறியிருந்தா கை பிஞ்சு போயிருக்கும். ஆனா உடம்பு இருக்கே, நாப்பத்தோரு தடவை அந்தக் கை இழுத்து நாப்பத்தோரு தடவையும் விழுந்த உடம்பு. தானா விழுந்துச்சு. அவன் கை என் நெஞ்சு மேல வந்து கிடந்துச்சு. ஒரு ஈரத் துணி கனம்கூட இல்லை. ரெஃபரி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தான். உங்கப்பன் கண்ணைக் காட்டினான், எண்ணுன்னு. ஒண்ணு. ரெண்டு. மூணு.

அவ்வளவுதான். என் ஒரே ஜெயிப்பு போச்சு. கழுத்து ஒடிஞ்சு கிடக்கிறவன், எந்திரிக்க முடியாதவன், படுத்துக்கிட்டே என்கிட்ட இருந்து திருடிட்டான். இதுக்குப் பேரு துரோகம் இல்லையா? நீயே சொல்லு. ஐம்பத்தேழு வருஷமா யாருகிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சு. மழை விழற மாதிரி. சனம் கைதட்டறதுக்காக மடியை உதறினாங்க, கல்லெல்லாம் கீழ விழுந்துச்சு. நின்னு நின்னு விழுந்துச்சு. அவ்வளவு கல்லு இருந்திருக்கு.

அப்புறம் கயித்தைத் தாண்டிக்கிட்டு எல்லாரும் உள்ள வந்துட்டாங்க, பீமனைத் தோள்ல தூக்க. ஜெயிச்சவனைத் தோள்ல தூக்கிட்டு ஊர்வலம் போறது வழக்கம். கழுத்து ஒடிஞ்சவனைத் தூக்கக்கூடாதுன்னு அங்க தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். தூக்காதீங்கடா, பலகையில கிடத்துங்கடான்னு கத்தணும். தொண்டை வரைக்கும் வந்துச்சு. வாயைத் திறந்தேன். "பெகு! டவுங்கூ! பின்மனா!" அதுதான் வந்துச்சு. மறுபடி திறந்தேன். "யமேதின்! தாசி!" சனம் சிரிச்சுது. தோத்தவன் கதறறான் பாருன்னு ஒருத்தன் என் காலைப் பிடிச்சு ஓரமா இழுத்துப் போட்டான். நாயுடு பிற்பாடு என் முதுகுல தட்டிச் சொன்னாரு, "நீதாண்டா தொழில்காரன். அந்த நேரத்துலகூட உன் வாயில ஒரு வார்த்தை தமிழ் வரலை." ஆமாம், வரலை. சத்தியம் பண்ணியிருந்தேன் இல்லே?

ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கும்போது உயிர் இல்லைன்னாங்க. அது உனக்குத் தெரியும்.

ஆனா தோள்ல ஏத்தின உடனே அவன் ஒண்ணு செஞ்சான். அது உனக்குத் தெரியாது. வேற யாரும் கவனிக்கலை. நான் கீழ கிடந்ததனால எனக்குத் தெரிஞ்சது. ஜெயிச்ச பயில்வான் தோள்ல உட்காந்து ரெண்டு கையையும் தூக்கிச் சனத்தைக் கும்பிடணும். உங்கப்பன் கும்பிடலை. தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. கண்ணு கூட்டத்துல எதையோ தேடுச்சு. நீலச் சேலைக்கிட்ட வந்து ஒரு நிமிஷம் நின்னுச்சு. அவ அப்பக் கூட்டத்தைப் பிளந்துக்கிட்டு என் பக்கமா வந்துக்கிட்டிருந்தா. அவளுக்குப் பின்னாடி ஆறு. அவன் வலது கையை இடது கையால தாங்கிப் பிடிச்சு மெல்ல மெல்ல உசத்தினான். எங்களுக்கு எதிர்த் திசையில, பாலத்துக்கு அந்தாண்ட, ஊரைப் பாத்து நீட்டினான். 'அங்க போங்கடா'ன்னு அதிகாரம் பண்ற மாதிரி. அவ்வளவு சனமும் அந்தக் கை காட்டின பக்கம் திரும்பி, ஓ-ன்னு கூச்சல் போட்டுக்கிட்டு, எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போச்சு.